மனை வாங்கும் முன் பார்க்க வேண்டிய பதிவேடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர் நகருக்குள் வீடு வாங்க இயலாத குடும்பங்கள் கணியம்பாடி, ஊசூர், அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களை நாடுவது இயல்பே. ஆனால், வெள்ளையடித்த எல்லைக்கற்களையும் கட்டிவிட்ட வண்ணக் கொடிகளையும் கண்டு முன்பணம் கொடுப்போரில் பலர், அந்த மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி உண்டா என்று கேட்பதில்லை. 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது' என்ற தரகரின் ஒற்றை வாக்கியமே அவர்களுக்குப் போதுமானதாகிவிடுகிறது. அனுமதியற்ற மனைகளை முறைப்படுத்தும் திட்டமோ, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே உரியது.

வில்லங்கச் சான்று வாங்கிவிட்டோம் என்று நிம்மதி கொள்வதும் சரியன்று. பத்திரப்பதிவுகளை மட்டுமே காட்டும் அச்சான்றில், நிலம் ஏரிப் புறம்போக்கா, வாய்க்காலா, ஊர்க் குடியிருப்புக்கான நத்தமா என்பது தெரியாது. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள, ஒவ்வொரு சர்வே எண்ணின் நில வகையையும் காட்டும் அ-பதிவேட்டையும், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோடையில் காட்டப்படும் மனை ஏரியின் உள்வாயாக, அதாவது நீர் தேங்கும் பகுதியாக இருந்தால், ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். பலர் பெயரில் உள்ள கூட்டுப்பட்டா என்றால் இன்னும் கவனம் தேவை.

அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் சர்வே எண்களை ஒவ்வோர் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையிலும் எழுதிவைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். பெரிய செலவில்லாத வேலை இது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காட்பாடி.