லேத்தில் ஓட்டக் கூடாத ஒரு ஜாப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் முப்பத்தெட்டு வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட், புஷ், கிரைண்டர் ஸ்பேர், மில்லுக்கு ரோலர் என்று எது வந்தாலும் ஓட்டிக் கொடுப்போம். யூடியூப் பார்த்து வீட்டிலேயே துப்பாக்கி செய்த இளைஞர் கைது என்று பேப்பரில் அவ்வப்போது செய்தி வருகிறது. மேசையில் பரப்பி வைத்த இரும்புச் சாமான்கள், பின்னால் விறைப்பாக நிற்கும் போலீஸார் என்று படம் பெரிதாக இருக்கும். என்ன செய்தது குற்றம், எந்தப் பிரிவு, எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்பதெல்லாம் இருக்காது. ‘ஆயுதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு’ என்பதோடு செய்தி முடிந்துவிடும். அதையும் சேர்த்துப் போட்டிருந்தால் போன மாதம் ஒரு தம்பி என் பட்டறைப் படி ஏறியிருக்க மாட்டார் என்றுதான் இந்தக் கடிதம்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். இன்ஜினியரிங் கடைசி வருடமாம். கையில் ஏ4 தாளில் பிரின்ட் எடுத்த டிராயிங், டாலரன்ஸ் எல்லாம் போட்டுப் பிசகில்லாமல் வரைந்தது. “ரெண்டு பீஸ் போதுங்கண்ணா, ஒண்ணு வீணாப் போனாலும் இன்னொண்ணு இருக்கட்டும்” என்று சொல்லி, நான் கேட்காமலே 500 ரூபாய் முன்பணத்தை மேசைமேல் வைத்தார்.

எத்தனையோ டிராயிங் பார்த்த கண்ணுக்கு, ஒரு பாகம் எந்த மிஷினில் போய் உட்காரும் என்று ஓரளவு தெரிந்துவிடும். அவ்வளவு நீளத்துக்கு அவ்வளவு சின்னத் துளை எந்தப் பம்பிலும் கிடையாது. எதுக்குங்க தம்பி என்று கேட்டேன். முதலில் ‘ஏர் சிலிண்டர்’ என்றார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்ததும் உண்மை வந்தது. ஏர் ரைஃபிள்தான், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, ஆனால் கடையில் கிடைப்பதைவிடத் துளை பெரிதாகவும் வேகம் கூடுதலாகவும் இருக்கிற மாதிரி தானே செய்யப் போகிறாராம். “சும்மா ஹாபிக்குங்கண்ணா. காக்கா, குருவியக்கூடச் சுட மாட்டேன், அட்டையத்தான் சுடுவேன். விக்கறதா இருந்தாத்தான தப்பு?”

இந்தக் கடைசிக் கேள்வி அமெரிக்க வீடியோவில் பிடித்தது. அங்கே அதில் பாதி உண்மை. அந்தப் பாதியையும் மிச்சப் பாதியையும் நான் நேரில் பார்த்தேன்.

2024-இல் ஆறு மாதம் டெக்சாஸில் மகன் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய்க் கிணறு சாமான் செய்யும் கம்பெனியில் மிஷினிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கராஜில் காருக்கு இடமில்லை. சின்ன லேத், டிரில்லிங் மிஷின், வைஸ். எனக்கு இங்கிலீஷ் தகராறு, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் டயல் கேஜைக் கையில் எடுத்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு வந்துவிட்டது. மூலையில் ஒரு ரைஃபிள் பாதி வேலையில் நின்றது. வால்நட் மரக்கட்டையைத் தானே செதுக்கி, எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருந்தார். மரமும் இரும்பும் சேருகிற இடத்தில் ஒரு தாள் நுழையாது. அசல் வேலை. கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

மகனைக் கூப்பிட்டு அவர் சொன்னது இது: டூரிஸ்ட் விசாவில் வந்தவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் உங்கள் அப்பாவுக்கும் வம்பு, எனக்கும் வம்பு. அப்படியே மகனிடமும் நீ என்ன விசா என்று கேட்டார். எச்-1பி, அதாவது வேலை விசா, என்றான். அப்படியானால் நீயும் தொடாதே என்றுவிட்டார். ஒரு டர்னர் செய்ததை இன்னொரு டர்னர் கையில் வாங்கிப் பார்க்க முடியாமல் இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் அவர் செய்தது சரி.

அங்கே 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தொழிலாகச் செய்கிறவர்தான் லைசென்ஸ் எடுக்க வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்கு ஒருவர் ரைஃபிள் செய்துகொள்ள மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. நம் தம்பி பார்த்த வீடியோ இத்தோடு நின்றுவிட்டது. செய்கிறவர் யார் என்று அதே சட்டம் கேட்கிறது. தண்டனை பெற்ற குற்றவாளி கூடாது. எச்-1பி, மாணவர், டூரிஸ்ட் விசாக்காரர்கள், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இல்லாவிட்டால், ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. கிரீன் கார்டு கிடைத்த பிறகு இந்தத் தடை இல்லை. என் மகன் அந்த வரிசையில் பதினோரு வருடமாக நிற்கிறான். அவன் வாங்குவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் வார இறுதியில் நண்பர்களோடு துப்பாக்கியும் கையுமாக எடுத்து அனுப்பும் போட்டோக்களைப் பார்த்துப் பெருமைப்படுகிற பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்கலாம்.

அப்புறம் அளவு. ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அது 1934-ஆம் வருடச் சட்டத்துக்குள் போய்விடும். செய்வதற்கு முன்பே மனு போட்டு அனுமதி வாங்க வேண்டும். நான் போயிருந்தபோது அதற்கு 200 டாலர் வரி. 2026 ஜனவரியிலிருந்து வரி இல்லை, அனுமதி மட்டும் அப்படியே இருக்கிறது. விசையைப் பிடித்தால் தொடர்ந்து சுடுகிற மாதிரி செய்வது ஹாபிக்காரருக்கு அறவே கிடையாது. 1986-இலேயே அந்தக் கதவை மூடிவிட்டார்கள். விற்கும் எண்ணத்தோடு செய்தால் அப்போதே லைசென்ஸ் வேண்டும்.

மாநிலம் தாண்டினால் இதுவும் மாறிவிடும். கலிஃபோர்னியாவில் செய்வதற்கு முன்பே மாநில அரசின் நீதித் துறையிடம் வரிசை எண் வாங்கி அதைத் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும். நியூஜெர்சியில் எண்ணில்லாத துப்பாக்கி செய்யப் பாகங்கள் வாங்குவதையே 2018-இல் குற்றமாக்கிவிட்டார்கள். பாகங்களாக வாங்கி வீட்டில் சேர்த்துக்கொள்ளும் துப்பாக்கிக் கிட்டுக்கும் எண் வேண்டும் என்ற மத்திய அரசின் 2022 விதியை அவர்களுடைய உச்ச நீதிமன்றமே 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் ஆதரவு. அந்த ஊரிலேயே இத்தனை கணக்கு.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே கணக்கே வேறு. பேப்பரில் ஆயுதத் தடைச் சட்டம் என்று எழுதுவது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தைத்தான். அதன் 5-ஆவது பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி செய்யக் கூடாது, விற்கக் கூடாது, மாற்றி அமைக்கக் கூடாது, ரிப்பேர்கூடச் செய்யக் கூடாது என்கிறது. தனக்காகச் செய்வது, விற்பதற்காகச் செய்வது என்று இரண்டு தட்டு அதில் இல்லை. ஹாபி என்ற வார்த்தையே கிடையாது. துப்பாக்கி என்றால் என்ன என்றும் சட்டமே சொல்கிறது: வெடிமருந்தாலோ வேறு எந்த ஆற்றலாலோ குண்டை எறிவது. காற்றும் அதில் அடக்கம். அதன் பாகங்களும் துப்பாக்கிதான். அதைச் செய்யும் இயந்திரமும் துப்பாக்கிதான்.

இந்தக் கடைசி வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பட்டறைக் கணக்கு வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் போய், என் லேத்தும் அதில் சேருமா என்று கேட்டேன். “பம்ப் ஷாஃப்ட் ஓட்டுகிற லேத் சேராது என்று நான் வாதாடுவேன்” என்றார். அப்பாடா என்று எழுந்தேன். “ஆனால் வாதாடி முடிகிற வரைக்கும் லேத் கேஸ் பிராப்பர்ட்டியாக ஸ்டேஷனில் நிற்கும்” என்றார். மழையில் நனைந்த லேத்தின் பெட் (அடித்தளம்) எப்படித் துருப்பிடிக்கும் என்று பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால் தண்டனை முன்பு 3 முதல் 7 ஆண்டு வரை என்றிருந்தது. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். லைசென்ஸ் இல்லாமல் வெறுமனே வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சமே 3 ஆண்டுதான் என்று வக்கீல் சொன்னதையும் தம்பியிடம் சொன்னேன். அதே திருத்தம், பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக்குவதோடு, ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதையும் 6-ஆவது பிரிவில் சேர்த்திருக்கிறது. ஆக, கடையில் வாங்கிய ஏர் கன்னைப் பிரித்துப் பவர் ஏற்றுவதும் விளையாட்டு இல்லை. கர்நாடகத்தில் குடகில் மட்டும் கொடவர் சமூகத்தாருக்கு லைசென்ஸ் விலக்கு உண்டே என்று டீக்கடையில் ஒருவர் வாதம் செய்தார். அது வைத்திருப்பதற்குத்தான், செய்வதற்கு இல்லை.

ரிப்பேர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தொண்டாமுத்தூர் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்குத் தோட்டம் இருந்தது. காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் துணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கி வருவார். ஒரு தடவை அதன் விசை உடைந்தது. நான் அப்போது தொழில் பழகிக்கொண்டிருந்த பையன். ஒரு சின்னத் துண்டு, கால் மணி நேர வேலை. ஆசையாக எங்கள் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “லைசென்ஸ் உங்க பெரியப்பனுக்கா, எனக்கா? ரிப்பேர் லைசென்ஸ் இருக்கிற துப்பாக்கிக் கடையில கொடு” என்றார். ஐந்தாம் வகுப்புத் தாண்டாத அவருக்குப் பிரிவு எண் தெரியாது, விஷயம் தெரிந்திருந்தது. இன்று என்னைப் போன்ற சின்னப் பட்டறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று சந்தேகமாக இருக்கிறது. டிராயிங் வாட்ஸ்அப்பில் வருகிறது, கூலி ஜிபேயில் வருகிறது, பீஸ் கூரியரில் போகிறது. எதற்கு என்று கேட்க ஆளே எதிரில் இல்லை.

அந்தத் தம்பியை நான் போலீஸில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது. தாளில் ஒரு படமும் தலையில் ஒரு ஆசையும் தவிர அவரிடம் அன்று ஒன்றும் இல்லை. சுட வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறதே என்றேன். 2016 ஆயுத விதிகள்படி துளை 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் ரைஃபிளை வாங்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம், அடையாளச் சான்று போதும். அந்த 4.5 மில்லிமீட்டர்தான் ஒலிம்பிக் அளவும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அந்தத் துளை வழியாகப் போன குண்டில்தான். ரைஃபிள் கிளப் கோவையிலேயே இருக்கிறது. சுடுவது இல்லை, செய்வதுதான் ஆசை என்றால் திருச்சியில் 1966-இல் தொடங்கிய, ரைஃபிள் செய்கிற அரசுத் தொழிற்சாலை இருக்கிறது, படிப்பை முடித்துவிட்டு அங்கே வேலைக்கு எழுதிப் போடுங்கள் என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

டிராயிங்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தவர், மேசைமேல் இருந்த பணத்தை மறந்துவிட்டார். பெயரும் கேட்டுக்கொள்ளவில்லை, நம்பரும் வாங்கவில்லை. உங்கள் பேப்பரைப் படிப்பவராக இருந்தால் அவருக்கு: தம்பி, 500 ரூபாய் என் டிராயரில் ஒரு கவரில் இருக்கிறது. ஞாயிறு தவிர எந்த நாளும் வந்து வாங்கிக்கொள்ளலாம். டிராயிங்கைக் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோவை.