ஐட்டத்தை ஆஃப் பண்ணாதீங்க கண்ணா

கண்ணா,

நேத்து நீ போன்ல சொன்னதையே நினைச்சிட்டு இருக்கேன். போன்லயே சொல்லிருக்கலாம், ஆனா நீ நடுவுல நடுவுல சரிம்மா சரிம்மான்னு சொல்லி முடிச்சிடுவ, அதான் எழுதுறேன், முழுசா படி. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வாரக் கடைசியில ஒண்ணா உக்காந்து மரியோ கார்ட்ங்கிற ரேஸ் வீடியோ கேம் விளையாடுறீங்கன்னு மொதல்ல கேட்டப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம். இப்ப என்னடான்னா அது லக் கேம் ஆயிடுச்சும்மா, கடைசி லேப்ல, முதல்ல போறவனைத் தேடி வர்ற ப்ளூ ஷெல் வந்து அடிக்குது, அதனால வழியில பெட்டியிலேந்து எடுத்துப் போடுற ஐட்டமே வேணாம்னு ஆஃப் பண்ணிட்டோம், இருக்கிறதுலயே வேகமான 200 சிசி மட்டும்தான் ஓட்டுறோம்னு சொல்ற. அப்புறம் பேச்சுவாக்குல, புதுசா சேந்த அந்தப் பொண்ணு இப்பல்லாம் வர்றதே இல்லைன்னும் சொன்ன. நீ இதை ரெண்டு தனித்தனி விஷயமா சொன்ன, எனக்கு என்னவோ ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு படுது.

இந்த கேம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு உனக்குத் தெரியுமா? 1990ல இந்த கேமைப் பண்ற நின்டென்டோ கம்பெனி எஃப்-ஜீரோன்னு ஒரு ரேஸ் கேம் விட்டாங்க, பயங்கர வேகம், ஆனா ஒரே ஒருத்தர்தான் ஓட்ட முடியும். அதையே ரெண்டு பேர் ஒரே டிவில சேந்து ஓட்டுற மாதிரி பண்ணலாமான்னு பாத்தாங்க. ஸ்கிரீனை ரெண்டா பிரிச்சா அந்த வேகமும் அவ்ளோ நீள ரோடும் ஒத்து வரல, அதனால வளைஞ்சு வளைஞ்சு போற குட்டி டிராக், குட்டி கார்ட்டுன்னு மாத்திட்டாங்க. ஆரம்பத்துல உள்ள உக்காந்திருந்தது மரியோ கூட இல்லையாம், ஓவரால்ஸ் போட்ட யாரோ ஒருத்தர், மரியோ அப்புறமா வந்து ஏறினவர்தான். அதுதான் 1992ல சூப்பர் மரியோ கார்ட்டா வெளிய வந்துச்சு. அதுல நீ தனியா ஓட்டினா கூட ஸ்கிரீன் ரெண்டாதான் பிரிஞ்சிருக்கும், கீழ் பாதில மேப் காட்டும். பக்கத்துல இன்னொருத்தர் உக்காரணும்னுதான் அந்த கேமையே உருவாக்கியிருக்காங்க. 1996ல மரியோ கார்ட் 64 வந்தப்ப அது நாலு பேர் ஆச்சு, நீ திட்டுற ப்ளூ ஷெல்லும் அதே கேம்லதான் வந்துச்சு, இது ரெண்டும் சேந்து வந்தது எனக்கு ரொம்பப் பொருத்தமா தெரியுது.

ஏன்னு சொல்றேன். நாலு பேர் உக்காந்தா நாலு பேரும் ஒரே மாதிரி ஓட்ட மாட்டாங்க. உன்னை மாதிரி சின்ன வயசுலேந்து வளைவுல வண்டியைச் சறுக்க விட்டு டிரிஃப்ட் பண்ணிப் பழகினவன் ஒருத்தன் இருப்பான், போன வாரம்தான் கன்ட்ரோலரைக் கையில எடுத்தவங்களும் இருப்பாங்க. வெறும் ஓட்டம் மட்டும்னா முதல் லேப் முடியறதுக்குள்ளயே யாரு ஜெயிப்பான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும், மிச்ச ரெண்டு லேப் மத்தவங்க யாருமில்லாத ரோட்டுல தனியா சுத்திட்டு இருக்கணும். அதுக்குதான் அந்த ஐட்டம் பெட்டியெல்லாம் வெச்சிருக்காங்க. முன்னாடி போறவனுக்கு காயின், வாழைப்பழத் தோல், பச்சை ஷெல்லுன்னு சின்னச் சின்னதா வரும், பின்னாடி போகப் போக எது அடிச்சாலும் பாதிக்காத ஸ்டார், வண்டியையே தோட்டாவா மாத்தி முன்னாடி இழுத்துட்டுப் போற புல்லட் பில், மத்தவங்களைச் சுருக்குற மின்னல்னு பெருசு பெருசா வரும். கடைசில இருக்குறவங்க கையில மின்னல் வந்து எல்லாரும் ஒரே நேரத்துல குட்டியா சுருங்கிப் போற அந்த நிமிஷத்துல அந்த ரூம்ல வர்ற சத்தம் இருக்கே, அது ஐட்டம் இல்லாத ரேஸ்ல வரவே வராது கண்ணா. நாலு பேர் ஸ்கிரீனும் எல்லாருக்கும் தெரியுதுல்ல, பக்கத்துல இருக்குறவ பெட்டியில என்ன சுத்துதுன்னு ஓரக்கண்ணால பாத்துட்டு, அவ சிரிக்க ஆரம்பிச்சதுமே நமக்கு என்னவோ வரப்போகுதுன்னு வயித்தக் கலக்கும் பாரு, அதுக்குத்தானே ஒரே ரூம்ல உக்காந்து விளையாடுறோம்!

அப்புறம் லக்குன்னு சொன்னியே, அதை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். எந்த ஐட்டம் வரும்னுதான் லக், வந்ததை என்ன பண்றோம்ங்கிறது திறமை. முதல் இடத்துல போறவனுக்குத்தான் ரொம்ப யோசனை வேணும்னு நான் சொல்லுவேன். நாம ஓட்டுற மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ல ரெண்டு ஐட்டம் வெச்சுக்கலாம்ல, அதுல ஒண்ணை விடாம பின்னாடி பிடிச்சுட்டே போனா துரத்திட்டு வர்ற சிவப்பு ஷெல் அதுல முட்டி நின்னுடும். சூப்பர் ஹார்ன் கிடைச்சா அதைச் சும்மா ஊதி வீணாக்காம கடைசி லேப் வரைக்கும் காப்பாத்தணும், ப்ளூ ஷெல்லை உடைக்க அது ஒண்ணு போதும். ஹார்ன் இல்லைன்னா சட்டுன்னு வேகம் குடுக்குற காளான் இருக்கணும், ஷெல் தலைக்கு மேல சுத்தி இறங்குற அந்த நொடியில போட்டா தப்பிச்சிடலாம், கொஞ்சம் முன்ன பின்ன ஆனா போச்சு. ரெண்டும் இல்லைன்னா பிரேக் போட்டு ரெண்டாவதா வர்றவனைப் பக்கத்துல விட்டுடு, வெடிக்கிறப்ப அவனும் சேந்து மாட்டுவான், போற நேரம் ரெண்டு பேருக்கும் போகும். இதெல்லாம் இல்லாம ஓட்டுறதைத்தான் நீ திறமைன்னு சொல்ற, எனக்கு அதுல பாதி திறமையைத் தூக்கி வெளிய வெச்ச மாதிரி இருக்கு.

மிச்ச பாதி எங்கயும் போகல, அது உன்கிட்ட நிறையவே இருக்கு. நீ வளைவுல டிரிஃப்ட்டைப் பிடிச்சு டயர்லேந்து வர்ற நீலப்பொறி ஆரஞ்சு ஆகி அதுவும் தாண்டி ஊதா வர்ற வரைக்கும் விடாம இழுத்துட்டுப் போவ பாரு, எனக்கு அதைப் பாக்க அவ்ளோ பிடிக்கும். கவுன்ட்டவுன்ல 2 வர்றப்ப ஆக்ஸிலரேட்டரை அமுக்கணும்னு எனக்கும் உன் தங்கச்சிக்கும் சொல்லிக் குடுத்ததே நீதான், மேட்டுல ஏறிக் குதிக்குறப்ப ஆர் பட்டனைத் தட்டினா ஒரு பூஸ்ட் கிடைக்கும்னு காட்டினதும் நீதான், பத்து காயின் சேத்தா வண்டி வேகம் கூடும்னும் சொன்ன. நீ எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தன்னு எனக்கு ஞாபகம் இருக்கு, அதான் அந்தப் பொண்ணு விஷயம் எனக்கு உறுத்துது.

அவ இடத்துல இருந்து கொஞ்சம் பாரு. புதுசா ஓட்டுறவளை நேரா 200 சிசில விட்டா என்ன ஆகும்? அந்த வேகத்துல பிரேக் போட்டுத் திரும்பப் பழகினவங்களே ரெயின்போ ரோடு டிராக்ல சறுக்கி விழறாங்க. விழுந்தா மேகத்துல வர்ற அந்த லகிட்டு தூக்கிட்டு வந்து விடுறதுக்குள்ள மத்தவங்க எல்லாம் எங்கயோ போயிடுவாங்க, ஐட்டமும் கிடையாது, திரும்பப் பிடிக்க ஒரு வழியும் இல்ல. அடுத்த ரேஸ், அதுக்கடுத்த ரேஸ், அதேதான். அவ ஒண்ணும் கோவிச்சுக்கிட்டு போகலைன்னு நீ சொன்ன, இருக்கலாம், ஆனா அவளுக்கு அங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லையே கண்ணா, எதுக்கு வருவா?

அதனால இதைப் பண்ணுங்க. ஐட்டத்தை நார்மல்ல போடுங்க, வேகத்தை 100 சிசிக்கு இறக்குங்க, கொஞ்ச நாள் போனதும் 150 பாத்துக்கலாம். வண்டி செலக்ட் பண்ற இடத்துலயே ஸ்மார்ட் ஸ்டியரிங் இருக்கு, அவளுக்கு மட்டும் ஆன் பண்ணிக்கலாம், வண்டி ரோட்டை விட்டு வெளிய போகாமயும் பள்ளத்துல விழாமயும் அதுவே திருப்பி விட்டுடும். வண்டி பின்னாடி ஒரு ஆன்டெனா நிக்கும், அதை யாராச்சும் கிண்டல் பண்ணினா நீதான் அடக்கணும். இது ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கிறது இல்ல, அவ எந்த இடத்துல முடிக்கிறாளோ அந்த பாயின்ட் அவளுக்கு உண்மையிலேயே ஏறும், ஷெல் அடிச்சாலும் எல்லாரும் மாதிரி அவளும் சுத்துவா. அந்த வசதி சில குறுக்கு வழில போக விடாது, அதனால நல்லா ஓட்ட வந்ததும் தானே ஆஃப் பண்ணிக்குவா, நீங்க யாரும் ஆஃப் பண்ணுன்னு சொல்லாதீங்க, அவளுக்கே தோணட்டும்.

இன்னொண்ணு, டீம் ரேஸ் போட்டுப் பாருங்க, எனக்கு அதுல ரொம்ப நம்பிக்கை இருக்கு. கம்ப்யூட்டர் ஓட்டுற வண்டிகளையும் சேத்து பன்னெண்டு பேரும் சிவப்பு, நீலம்னு ரெண்டு பக்கமா பிரிவாங்க, முதல்ல வந்தா 15, அடுத்து 12, அப்புறம் 10, 9ன்னு இறங்கி கடைசி ஆளுக்கு 1, டீமோட பாயின்ட் எல்லாத்தையும் கூட்டித்தான் யாரு ஜெயிச்சாங்கன்னு பாக்குறது. அவளை உன் டீம்ல எடுத்துக்கோ. அப்ப அவ பத்தாவதுலேந்து எட்டாவதுக்கு வந்தா கூட உனக்கு அது முக்கியம் ஆயிடும், அவ பின்னாடி இருந்து விட்ட மின்னல் எதிர் டீமை மெதுவாக்கி அவ வாங்கின பாயின்ட் டீமுக்கு உதவினா உன்னை விட யாரு சந்தோஷப்படுவா சொல்லு. அதை நேரம் பாத்து விடச் சொல்லிக் குடு.

உங்க கூட்டத்துல அந்த இன்னொரு பையன் ஐட்டம் இருந்தா நான் ஆட மாட்டேன்னு சொல்றான்னு சொன்னல்ல, அவனுக்கு டைம் ட்ரையல் இருக்குன்னு சொல்லு. ஐட்டம் பெட்டியே இல்லாம, மூணே மூணு காளானோட, கடிகாரத்தை எதிர்த்து எவ்ளோ வேணா ஓட்டிக்கட்டும், அதுவும் நல்ல ஆட்டம்தான், அதுக்குன்னு ரசிச்சு ஓட்டுறவங்க உலகம் பூரா இருக்காங்க. நாலு பேர் சேந்த ரூம்ல மட்டும் அதை எல்லார் மேலயும் போட வேணாம்.

முக்கியமா, அவளை நீயே கூப்பிடு. குரூப்ல பொதுவா மெசேஜ் போட்டா அது அவளுக்குன்னு தெரியாது. ரூல்ஸ் மாத்திட்டோம், என் டீம்ல ஆள் வேணும், வான்னு சொல்லு, அது உண்மைதானே.

உன் தங்கச்சியும் நானும் இங்க ஓட்டிட்டுதான் இருக்கோம், அவ இப்ப டிரிஃப்ட்ல ஆரஞ்சுப் பொறி வரைக்கும் இழுக்கிறா. ஆன்லைன்ல ஒரு கன்சோலுக்கு ரெண்டு பேர்தான் சேர முடியும், அதனால உங்க ரூம் ஆட்டத்துக்கு நடுவுல நாங்க வரல, வேற ஒரு நாள் நீயும் அந்தப் பொண்ணும் உக்காருங்க, இங்கேந்து நாங்க ரெண்டு பேர். ஆன்லைன் ரூம் நீயே ஓப்பன் பண்ணு, ஐட்டம் நார்மல், என்னிக்கு, எத்தனை மணிக்குன்னு அவளைக் கேட்டுட்டு எனக்கு மெசேஜ் போடு.

அன்போட,
அம்மா