யோகர் சுவாமியை நேரில் கண்டவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்ய உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

யாழ்ப்பாணத்துச் சைவ ஞானியான யோகர் சுவாமிகள் 1964ஆம் ஆண்டு பங்குனி ஆயிலியத்தில் சமாதியடைந்தார். அந்த நாட்களில் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்புத்துறையில் சுவாமி இருந்த கொட்டிலுக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அன்று வாலிபராக இருந்தவர்களில் அநேகர் இன்று இல்லை. இருக்கிறவர்கள் சொல்வதை அவர்களுடைய குரலிலேயே ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் இறக்கி, நூலாகவும் கொண்டுவர வேண்டும் என்று ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். அதற்காகத்தான் உங்களிடம் வருகிறோம்.

சுவாமியின் வரலாற்றைப் பலரும் அறிவீர்கள். 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, உறவினர் அரவணைப்பில் வளர்ந்தவர். இரணைமடு நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியக் காப்பாளராக இருந்தார். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகள் "யாரடா நீ?" என்று அதட்டிய அந்த ஒரு கேள்வியோடு அவருடைய போக்கே மாறிவிட்டது. ஊர் விசரர் என்று ஒதுக்கிவைத்திருந்த மனிதரைக் குருவாகக் கொண்டு, கிடைத்த நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தார். கதிர்காமத்துக்கு நடந்தே போனார். பிறகு கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தின் கீழ் வருடக்கணக்கில் இருந்தார். கொட்டில் வந்தது அதற்கும் பிறகுதான்.

அந்தக் கொட்டிலுக்கு யார்தான் வரவில்லை? கமக்காரர், வாத்திமார், அப்புக்காத்துமார், அரசாங்க உத்தியோகத்தர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுதுகொண்டு வந்த தாய்மார். இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மகன் வந்து, சுவாமியின் சீடராகிச் சந்தசுவாமியானார். வந்தவர்களில் சிலருக்கு ஏச்சு விழுந்தது. சிலர் படலையோடு திரும்பினார்கள். சிலரைத் தேவாரம் பாடச் சொல்லிவிட்டுச் சுவாமி சும்மா இருந்தார். குரு சொல்லித் தந்த "ஒரு பொல்லாப்பும் இல்லை", "எப்பவோ முடிந்த காரியம்", "நாம் அறியோம்", "முழுதும் உண்மை" என்ற நான்கு வாக்கியங்களையும் வீட்டுக்கு எடுத்துப்போய், அவற்றைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்து முடித்த குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ உண்டு.

நற்சிந்தனை என்று அழைக்கப்படும் சுவாமியின் பாடல்களில் பல, அவர் வாயில் வந்தபடி பாடியவை. பக்கத்தில் இருந்த அடியார்கள் கையில் கிடைத்த கடதாசியில் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் எழுதியிராவிட்டால் அந்தப் பாடல்கள் அன்றோடு போயிருக்கும். பாடல்களும் திருவாக்குகளும் வண்ணார்பண்ணைச் சிவதொண்டன் நிலையத்தின் பதிப்புகளில் இன்று பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பணியை நாங்கள் இன்னொரு முறை செய்யப்போவதில்லை. அச்சில் ஏறாமல் வீடுகளில் கிடப்பதைத்தான் தேடுகிறோம்.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறோம். பரீட்சார்த்தமாகச் செய்த ஒலிப்பதிவில் ஒரு ஆச்சி பேசினார். சுவாமி என்ன சொன்னார் என்று கேட்டால், "எனக்கு அப்ப ஆறு வயசு, ஒண்டும் விளங்கேல்லை" என்றார். கற்பூர மணமும், தான் விரலால் பிய்த்துக்கொண்டிருந்த பாயின் ஓரமும்தான் அவருக்கு நினைவு. சரி, முடிந்தது என்று கருவியை நிறுத்தப் போனபோது, தகப்பனார் அங்கே கேட்டுவந்து வீட்டில் பாடுவாராம் என்று ஒரு நற்சிந்தனைப் பாட்டை ஆச்சி மெல்லப் பாடத் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் அறிந்த பாட்டுத்தான், ஆனால் மெட்டு வேறு. எந்தப் புத்தகத்திலும் அந்த மெட்டு இல்லை. இப்படி இன்னும் எத்தனை வீடுகளில் என்ன இருக்கிறதோ!

போரினால் வந்த 1995 இடப்பெயர்வில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், சுவாமி எழுதிய கடிதங்களையும் கொப்பிகளையும் படங்களையும் விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்து பார்க்கும்போது வீடே இருக்கவில்லை. தப்பியவை கறையான் அரித்தும் மை மங்கியும் அலுமாரிகளில் இருக்கின்றன. அவற்றையும் ஸ்கேன் செய்யப்போகிறோம். மூலப் பிரதியை யாரும் எங்களிடம் தரத் தேவையில்லை. ஸ்கேனரோடு உங்கள் வீட்டுக்கே வருவோம், உங்கள் கண் முன்னே பிரதியெடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.

முழு வேலைக்கும் 15 இலட்சம் ரூபா தேவை என்று கணக்கிட்டிருக்கிறோம். பெரிய பங்கு அச்சுச் செலவுக்குப் போகும். ஆயிரம் பிரதிகள் அடித்து, பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் இலவசமாகக் கொடுக்க எண்ணம். மீதி ஒலிப்பதிவுக் கருவிகள், ஸ்கேனர், ஊர் ஊராகப் போவதற்கு வான் வாடகை, ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் பிள்ளைகளுக்கான கொடுப்பனவு. குழுவில் உள்ள எவரும் இதில் ஒரு சதமும் எடுப்பதில்லை. ஐந்நூறு ரூபா தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. கணக்கறிக்கை நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சாகும்.

ரொறன்ரோ, லண்டன், சிட்னி என்று வெளிநாடுகளில் இருக்கும் உறவுகளிடம் இன்னொன்றும் கேட்கிறோம். சுவாமியைக் கண்டவர்களில் கணிசமானோர் இப்போது பிள்ளைகளோடு அங்கேதான் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவோ அப்பாவோ அப்படி ஒருவர் என்றால், காசு அனுப்புவதற்கு முதல் அவர்களைப் பேசவிட்டு உங்கள் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள், திருத்தாதீர்கள். ஒரே கதையை இரண்டு தரம் சொன்னாலும் சொல்லட்டும். அந்தப் பதிவு பணத்தைவிடப் பெரிய நன்கொடை.

பணமாகத் தர விரும்புவோர் குழுவின் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம். வங்கி மூலம் அனுப்ப விரும்புவோருக்குக் கணக்கு விபரத்தை அவரே தருவார். வயதில் மூத்தவர்களிடம் முதலில் போக வேண்டியிருப்பதால், வரும் குருபூசைக்கு முன்னரே முதற்கட்ட ஒலிப்பதிவுகளைத் தொடங்குகிறோம். அதற்கு வானும் கருவிகளும் உடனடியாகத் தேவைப்படுகின்றன.

இங்ஙனம்,
குழுவினர்,
கொழும்புத்துறை, யாழ்ப்பாணம்.