தடைச் சட்டத்தோடு தோழமைக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கான தடை 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்ததையொட்டி, இங்கும் அத்தகைய சட்டம் வேண்டும் என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். அவர்களின் கவலை நியாயமானது. ஆயினும், கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டால் பிள்ளையின் மனச்சுமை இறங்கிவிடும் என்று நம்புவோர், வளரிளம் பருவத்தின் இயல்பை மறந்துவிடுகின்றனர்.

அந்த வயதில் பெற்றோரின் அறிவுரையைவிட, உடன் படிப்பவர்களின் பார்வையே பெரிதாகத் தோன்றும். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியே ஆடியவர்களைவிட, நண்பர்கள் சூழ ஆடிய வளரிளம் பருவத்தினர் அதிக ஆபத்தைத் துணிந்து ஏற்றனர். பெரியவர்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், 13 முதல் 18 வயதினருக்குக் காட்டிய படங்களில் லைக் எண்ணிக்கையைத் தாங்களே கூட்டியும் குறைத்தும் வைத்தனர். அதிக லைக் பெற்றதாகத் தோன்றிய படத்துக்கே பிள்ளைகளும் கூடுதலாக லைக் இட்டனர். மதுவும் போதைப்பொருளும் இடம்பெற்ற படங்களுக்கும் அப்படியே. என்றும் இருந்த தோழமை நெருக்கடியைச் சமூக ஊடகம் எண்ணிக்கையாக்கி, இரவிலும் ஓயாதபடி செய்துவிட்டது என்பதே என் கருத்து.

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இது உறுதியாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். ஆனால், வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவியின் படத்தைத் திரித்துக் கேலி செய்யும்போது, அவள் சாப்பிடாமல் இருப்பதையும் பள்ளிக்கு வர அஞ்சுவதையும் முதலில் அறிபவள் அருகில் அமரும் தோழிதான். யாரிடம் சொல்வது என்று அந்தத் தோழிக்கு நாம் கற்றுத்தரவில்லையே!

சக வயதினரையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு, மத்திய அரசு 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தில் உள்ளது. அதனை எட்டாம் வகுப்பு முதல் ஒவ்வொரு பள்ளியிலும் செயல்படுத்தி, அம்மாணவர்கள் அணுகுவதற்கு ஒரு மனநல ஆலோசகரையும் நியமிக்குமாறும், கட்டணமில்லா மனநல உதவி எண்ணான 14416ஐ மாணவர் அடையாள அட்டையில் அச்சிடுமாறும் பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திண்டுக்கல்.