செயலாளர் ஆண்டறிக்கை: காவிரிக்கரைப் பறவை நோக்கல் நடைகள், திருச்சி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டோம். மாணவர் பயிற்சியும் நடந்தது.

மாசி, பங்குனி நடைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதன் பிறகு காவிரியும் கொள்ளிடமும் வற்றி, மணல்திட்டும் குட்டையுமாகக் கிடக்கும். உள்ளான்களும் கொக்குகளும் அந்தக் குட்டைகளில்தான் கூடுகின்றன. மஞ்சள் வாலாட்டிகள் வடக்கே கிளம்புமுன் நிறம் ஏறுவதும், சூறைக்குருவிகள் புறப்படுவதும் இந்த வாரங்களில்தான். நடையைக் கோடை விடுமுறைக்குத் தள்ளும் யோசனையை அதனால்தான் ஏற்கவில்லை.

அதே மணலில் செம்மூக்கு ஆள்காட்டி முட்டையிடுகிறது. கூடு என்று எதுவும் இராது, சிறு பள்ளம்தான். முட்டை கூழாங்கல்லோடு கலந்து கண்ணுக்குத் தெரியாது. பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், வந்த காலடித் தடத்திலேயே திரும்ப வேண்டும். படமெடுக்க அங்கேயே நின்றால் தாய்ப்பறவை இறங்காது, பங்குனி வெயிலில் கரு செத்துவிடும். இதைப் பலமுறை சொல்லியும் சிலர் நிற்கிறார்கள்.

நடைகளில் எழுதிய பழைய பறவைப் பட்டியல்களை இடவாரியாகப் பிரித்து, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றும் பணியை இவ்வாண்டு தொடங்கினேன். முக்கொம்பு, கொள்ளிடக் கரை, மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா மூன்றையும் ஒரே பட்டியலில் அடைத்தால், ஆறுமணிக்குருவி மரநிழலில் இருந்ததா மணல்திட்டில் இருந்ததா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. இடம் மாறினால் புதுப் பட்டியல் போட வேண்டும். தொடங்கிய நேரம், நடந்த தூரம் இரண்டும் வேண்டும். எண்ணிக்கைக்குப் பதில் 'எக்ஸ்' போடுவதைத் தவிர்க்கவும், தோராயமான எண்ணே மேல். குறிப்பேடுகள் சில உறுப்பினர்களின் வீடுகளிலேயே இருப்பதால் பணி பாதியில் நிற்கிறது.

காலை 6 மணி நடைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களுக்காகவும் வேன் வாடகை கொடுத்தோம். 8 மணிக்கு மேல் வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும், தாமதமாக வருவோருக்காகக் காத்திருக்க இயலாது. சந்தா நிலுவை கணிசமாக உள்ளது. மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்கட்டின, விவரம் பொருளாளரிடம் உள்ளது. பொது இருநோக்கி ஒன்றின் கண்ணாடியில் பூஞ்சை படிந்துள்ளது. பையில் சிலிக்கா ஜெல் போடாமல் மழைக்காலம் முழுதும் பூட்டி வைத்ததே காரணம்.

வழிகாட்டிய மூத்தோருக்கும் பூங்கா ஊழியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு முக்கொம்புப் பட்டியலை ஒருவர், கொள்ளிடத்தை இன்னொருவர் ஏற்றால் நடைகள் தொடரும். இரண்டையும் செயலாளரே பார்த்துக்கொள்வது இனி இயலாது. விருப்பமுள்ளோர் குறிப்பேடுகளோடும் நிலுவைச் சந்தாவோடும் தை மாதத்துக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்