ரசீது புத்தகமும் நானும்

அன்புள்ள கார்த்திக்கு,

"எவ்வளவு வேணும்னு சொல்லும்மா, அனுப்பிடறேன். இந்த வேலூர் வெயில்ல ரசீது புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு கடை கடையா ஏறாதே" என்று கோபப்பட்டாய். போனில் பதில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் சித்திக்கு மார்பில் கட்டி வந்ததால்தான் நான் புற்றுநோயாளிகளுக்காக வசூல் செய்ய இறங்கினேன் என்று நினைக்கிறாய். பாதிதான் சரி. போளூரிலிருந்து வந்து நம் வீட்டில்தானே தங்கினாள்? ஆபரேஷன், கீமோ, அப்புறம் ரேடியேஷன். மெஷினுக்குக் கீழே படுப்பது சில நிமிஷம்தான். ஆனால் சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும், வாரக்கணக்கில். சத்துவாச்சாரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

அங்கே எங்கள் பக்கத்தில் ஜார்க்கண்ட் அம்மா ஒருவர் உட்காருவார். அப்பாவின் ரயில்வே ஹிந்தியைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் வந்திருந்ததால் பேசுவோம். லாட்ஜில் ஒரு ரூம், வாடகைக்கு எடுத்த ஸ்டவ், பாத்திரம். துணைக்கு வந்த புருஷனுக்குக் கூலியும் போச்சு. சிகிச்சைக்குப் பணம் எப்படியோ புரட்டிவிட்டார்கள். ரூம் வாடகையையும் அரிசி பருப்பையும்தான் சமாளிக்க முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஊருக்கே போய்விட்டார்களாம். ரேடியேஷனைப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வர இடம் கொடுத்த மாதிரி. சித்திக்கு இந்த ஊரில் அக்கா வீடு இருந்தது, அவருக்கு இல்லை.

அதனால் நாங்கள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் வசூலிக்கிறோம். மருந்துக்கு என்றால் உடனே எடுத்துக் கொடுப்பவர்கள்கூட "வாடகைக்கா?" என்று இழுப்பார்கள். ஒரு கடைக்காரர் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு போட்டோ வேறு எடுக்கச் சொன்னார்! எடுத்தேன், என்ன செய்வது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்தான். அவர் நன்கொடை கேட்டுத்தான் 1954-ல் அடையாற்றில் 12 படுக்கையோடு அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது. ஐம்பதும் நூறும் கேட்க எனக்கென்ன வெட்கம்?

இன்னொன்றும் இருக்கிறது. ரசீது புத்தகம் கையில் இருந்தால் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். ஆண்கள் எதிரில் வாயே திறக்காத பெண், பணம் எடுக்கிற சாக்கில் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "சின்னக் கட்டிதான்க்கா, வலிக்கல" என்பாள். மார்பில் வருகிற கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லை என்றுதானே தள்ளிப்போடுகிறார்கள்? நான் விடமாட்டேன், மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவேன். எல்லாமே புற்றுநோயாக இருப்பதில்லை, நிம்மதியாகத் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். நீ மொத்தமாக அனுப்பினால் வாடகைக்கு ஆகும், இதற்கு நான்தான் படியேற வேண்டும்.

பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அனுப்பு. உன் பெயரிலேயே ரசீது போட்டுவைக்கிறேன். அடுத்த மாதம் சித்தி செக்கப்புக்கு வருகிறாள். காட்பாடி பக்கம் வசூலுக்கு அவளும் என்னோடு வருகிறாளாம். திட்டுவதானால் அவளையும் சேர்த்துத் திட்டு.

அம்மா