மாணவர் முகாம் நாள்களில் வடிகாலை அளக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் ஏறத்தாழ 44 செ.மீ. மழை கொட்டியது. வானம் பொழிந்ததற்கு யாரும் பொறுப்பல்லர். ஆனால் பெய்த நீர் வயலிலேயே நின்றதற்கு, வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்ட வடிகால்களும் பெரிய காரணம் என்பதைக் கடைமடை விவசாயிகள் நன்கு அறிவார்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி.ஆர். 1009 சப்-1 நெல், பயிர் வளரும் பருவத்தில் இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கினாலும் மீண்டு எழக்கூடியது. ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து வந்த மரபணுவே அதற்கு அந்த வலிமையைத் தருகிறது. நல்ல விதை தந்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வயலில் தேங்கும் நீர் அந்த இரண்டு வாரத்துக்குள் வடியுமா, வடியாதென்றால் எந்த மதகில், எந்த வளைவில் தடைபடுகிறது என்பதை ஊர் வாரியாக அளந்து சொல்ல ஆளில்லாதபோது, விதையின் வலிமை பாதிதான் பயன்படும்.

2004 சுனாமிக்குப் பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மைய ஆய்வாளர்கள் அக்கடற்கரையின் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடுகள் உயிரிழப்பைக் குறைத்தன என்று எழுதினார்கள். காடுகளைவிட நிலத்தின் மேடு பள்ளமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே முக்கியம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். விவாதம் பயனுள்ளதுதான், எனினும் அது நடந்தது ஆங்கில ஆய்விதழ்களில். தம் தெரு கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது அங்கு வாழும் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவற்றை ஊர் வாரியாக அளந்து மக்களுக்குச் சொல்லப் புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. 1969 முதல் இயங்கிவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் ஏற்கெனவே கிராமங்களில்தான் நடக்கிறது. எங்கள் ஊருக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர்கள் கோயில் வளாகத்தைக் கூட்டி, மரக்கன்று நட்டு, நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்திவிட்டுச் சென்றார்கள். (அக்கன்றுகளில் பல அடுத்த கோடையைத் தாண்டவில்லை.) அவர்களிடம் அளவுநாடாவும் மட்டக்கருவியும் கொடுத்து, உடன் ஒரு பொறியியல் பேராசிரியரையும், வடிகாலின் பழைய போக்கு தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரையும் அனுப்பியிருந்தால், அந்த ஏழு நாளில் ஊரின் நீர்ப்போக்கு வரைபடம் தயாராகியிருக்கும். வெள்ளம் ஏறிய உயரத்தைப் பள்ளிச் சுவரிலும் மின்கம்பத்திலும் வண்ணத்தால் குறித்துவைத்தால், எந்தக் கட்டடத்தில் தஞ்சம் புகலாம், எந்தச் சாலை முதலில் மூழ்கும் என்பதைச் சிறுவர்கள்கூடப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

ஆகவே, டெல்டா மாவட்டப் பல்கலைக்கழகங்களும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளும் இப்பணியை முகாமின் கட்டாயப் பகுதியாக்கி, முடிவுகளைத் தமிழில் எழுதி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில் பேராசிரியர்களே நேரில் வாசிக்க ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். வரைபடத்தின் ஒரு படி ஊராட்சி அலுவலகத்திலும், மற்றொன்று வடிகால்களைக் கவனிக்கும் நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்திலும் இருக்கட்டும். தூர்வாரும் பணி எங்கே தொடங்க வேண்டும் என்ற வாக்குவாதமாவது குறையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சீர்காழி வட்டம்.